பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் களம்: கோளாறு தெரியும் இடமும் பிறக்கும் இடமும்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்துக் குடியிருப்புப் பூங்காக்களில் டிஸ்க் கோல்ஃப் களம் ஒன்றைப் பராமரிக்கிறவர்களுக்கும், இனிமேல் போட நினைக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. ஆட்டம் புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்ஃபைப் போலவே ஒவ்வொரு கட்டத்தையும், அதாவது எறிமேடையிலிருந்து கூடை வரையிலான தூரத்தை, குறைந்த எறிதல்களில் முடிக்க வேண்டும். பந்துக்குப் பதில் டிஸ்க் எனும் பறக்கும் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எட் ஹெட்ரிக் என்பவர் 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். சங்கிலிக் கூடைக்கு 1977-இல் காப்புரிமை பெற்றார். பிறந்ததே பொதுப் பூங்காவில் என்பதால் இந்த ஆட்டத்துக்குத் தனிப் புல்வெளியோ சுற்றுவேலியோ தேவைப்படுவதில்லை. அதே காரணத்தால் பூங்காவுக்கு வரும் தொல்லைகள் எல்லாம் களத்துக்கும் வந்து சேர்கின்றன.

கோளாறு தெரிகிற இடத்தில் மட்டும் கை வைத்தால் அதே வேலையை அடுத்த ஆண்டும் செய்ய வேண்டியிருக்கும். கூடை சாய்ந்ததற்குக் காரணம் பத்தடி தள்ளி ஓடும் மழைநீராக இருக்கலாம். மரப்பட்டை உரிவதற்குக் காரணம் எறிமேடையை வைத்த இடமாக இருக்கலாம். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு சரிசெய்யும் முறைக்கு வருகிறேன்.

அறிகுறி: டிஸ்க் சங்கிலியில் பட்டும் வெளியே விழுகிறது

எறிந்தவரின் கையைக் குறை சொல்வதற்கு முன் கூடைக்கு அருகில் போய் நில்லுங்கள். நல்ல கூடையில் சங்கிலிகள் இரண்டு வட்டமாகத் தொங்கும். வெளிவட்டம் டிஸ்கின் வேகத்தைத் தணிக்கிறது. உள்வட்டம் அது நடுத்தூணில் மோதித் தெறிக்காமல் தடுக்கிறது. ஒவ்வொரு சங்கிலியாகக் கையால் இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் எஸ் கொக்கி வாய் பிளந்து, சங்கிலி கழன்று தொங்கும். அல்லது இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு வெறும் இடம் விழுந்திருக்கும். டிஸ்கின் விட்டமே 21 சென்டிமீட்டர்தான். நுழைந்து மறுபக்கம் போய்விட அந்த இடைவெளி போதும்.

கொக்கியைக் குறடால் நெருக்கி மூடுங்கள். வெல்டிங் பட்டறைக்காரரை வரவழைத்து மூடிய வாயில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் கழலவும் கழலாது, எவரும் கழற்றிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போடவும் முடியாது. கூடையை உள்ளூரில் செய்பவர்கள் சங்கிலியில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். மெல்லிய சங்கிலி காற்றுக்கே ஆடும். வேகமாக வரும் டிஸ்கை அது நிறுத்தாது.

சங்கிலிகள் சரியாக இருந்தும் டிஸ்க் விழுகிறதென்றால் உயரத்தை அளந்து பாருங்கள். கூடையின் மேல்விளிம்பு தரையிலிருந்து சுமார் 82 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 6 சென்டிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம். செய்தபோது சரியாக இருந்த உயரம் மூன்று மழைக்குப் பிறகு மாறியிருக்கும். இரும்பு வளராது, சுற்றியுள்ள மண் கரைந்து போயிருக்கும். அப்படியானால் மழைநீர் பற்றிய பகுதிக்குப் போங்கள். கூடையில் பார்க்க வேறொன்றும் இல்லை.

அறிகுறி: கூடை சாய்ந்திருக்கிறது, தொட்டால் ஆடுகிறது

கண்ணால் பார்த்துச் சாய்வைச் சொல்ல முடியாது, ஏனென்றால் தரையும் சாய்வாக இருக்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி, தூணை ஒட்டி இரண்டு பக்கங்களில் தொங்கவிடுங்கள். பிறகு தூணைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கான்கிரீட்டும் சேர்ந்து அசைந்தால் அடித்தளக் கோளாறு. கான்கிரீட் அசையாமல் தூண் மட்டும் அசைந்தால், கான்கிரீட்டில் பதித்த உறைக்குழாயில் அதை நிறுத்தும் போல்ட் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

அடித்தளம் ஆடுவதற்கு நம் பக்கத்தில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று செம்புறாங்கல். ஓரடி தோண்டியதும் கடப்பாரை எகிறும். கூலிக்குத் தோண்டுகிறவர் அதோடு நிறுத்திக்கொள்வார். மற்றொன்று கொட்டிய மண். பள்ளமாக இருந்த இடத்தைக் கண்மாய் மண் போட்டு மேடாக்கிய பூங்காக்களில் தரை கோடையில் இறுகி, ஐப்பசியில் இளகும். எதுவாயினும் குழி 60 சென்டிமீட்டர் ஆழமும் 40 சென்டிமீட்டர் அகலமும் இருக்கட்டும். அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டு, உறைக்குழாயை ரசமட்டம் பார்த்து நிறுத்தி, அதன் பிறகு கான்கிரீட் கொட்டுங்கள். உறைக்குழாயின் அடிவாய் அந்த ஜல்லியைத் தொட்டு நிற்கட்டும், உள்ளே இறங்கும் நீர் வடிந்துவிடும். கான்கிரீட்டின் மேற்புறம் தரைக்கு இரண்டு விரல் மேலே நின்று, நான்கு பக்கமும் வெளிநோக்கிச் சரிய வேண்டும். ஆடும் தூணைச் சுற்றிக் கல்லைத் திணித்து இறுக்குவது அடுத்த மழை வரைக்கும் கூடத் தாங்காது.

கூடையை இழுப்பது யார் என்றும் பாருங்கள். குழந்தைகள் தொங்குவார்கள், சைக்கிளைச் சாய்ப்பார்கள், ஆட்டைக் கட்டுவார்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு தீர்வு எனக்குத் தெரியும்: ஆட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், நிழலும் புல்லும் உள்ள இடத்தில் இரண்டு முளைகளை நாமே அடித்துக் கொடுப்பது. பூங்கா அவருக்கும் உரியதுதான்.

அறிகுறி: தூணின் அடியில் துரு

இரும்பின் அரிப்பைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்கு வெளியூர்க்காரர்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரில்தான் இருக்கிறது. அரிப்புத் தடுப்பு அங்கே நடக்கும் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. இருந்தும் பூங்காவில் கம்பி வேலி முதல் ஊஞ்சல் வரை எல்லாம் ஒரே இடத்தில் இற்றுப்போகின்றன: மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த நான்கு விரற்கடை அகலத்தில். ஈரம் கீழிருந்தும் ஆக்சிஜன் மேலிருந்தும் அங்கே தடையில்லாமல் கிடைக்கின்றன. சருகு குவிந்து கிடந்தால் ஈரம் காய்வதே இல்லை. ஆகவே வாரம் ஒரு முறை தூணின் அடியில் சருகைக் கூட்டித் தள்ளுவதுதான் எல்லா வண்ணப்பூச்சுக்கும் முந்திய வைத்தியம்.

இரண்டாவது இடம் வெல்டிங் மூட்டு. ஜி.ஐ. குழாயின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. வெல்டிங் சூட்டில் மூட்டைச் சுற்றி அந்தப் பூச்சு எரிந்துபோய் வெற்றிரும்பு மிஞ்சுகிறது. பட்டறையிலேயே இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்: பற்றவைக்கும் இடத்துப் பூச்சை முன்கூட்டியே தேய்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றவைத்த பின் கம்பித் தூரிகையால் கசடைத் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பிரைமரை இரண்டு முறை பூச வேண்டும். சங்கிலிக்கு வண்ணம் அடிக்காதீர்கள். கண்ணிகள் உரசி உரசி ஒரே மாதத்தில் அது உரிந்துவிடும். சங்கிலியைத் துத்தநாகத்தில் முக்கிப் பூச்சிட்டதாகவே வாங்குங்கள்.

அறிகுறி: எறிமேடையில் கால் வழுக்குகிறது, அல்லது மேடைக்கு முன்னால் குழி விழுகிறது

இரண்டும் வேறுவேறு கோளாறுகள். எறிமேடை 1.5 மீட்டர் அகலமும் 3 மீட்டருக்குக் குறையாத நீளமும் கொண்டதாக இருக்க வேண்டும். எறிகிறவர் ஓரிரு அடி ஓடிவந்து, முன்காலை ஊன்றிச் சுழல்வார். வழுக்கினால் போவது முழங்கால். நன்கொடையாக வந்தது, பார்க்க அழகு என்று சிலர் மேடையில் ஆத்தங்குடி ஓடு பதிக்க விரும்புவார்கள். வேண்டாம். அந்த ஓட்டின் பளபளப்பு கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பதால் வருவது. அதன் பெருமையே அந்த வழுவழுப்புதான். முற்றத்துக்குக் கொடுங்கள், எறிமேடைக்குக் கூடாது.

சாதாரண சிமெண்ட் தளம் போதும். தளம் பாதி இறுகியதும், விரலால் அழுத்தினால் தடம் பதியும் ஆனால் ஒட்டாது என்ற பதத்தில், தென்னை ஈர்க்குத் துடைப்பத்தை எறியும் திசைக்குக் குறுக்காக ஒரே இழுப்பாக இழுங்கள். மேலே மெல்லிய வரிகள் நிற்கும், அவைதான் பிடிப்பு. முன்னும் பின்னுமாக இழுத்தால் வரி கலங்கி மணல் பெயர்ந்துவிடும். பிறகு சாக்கு விரித்து ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இதைத் தவறவிட்ட தளம் முதல் ஆண்டே மாவாக உதிரும்.

முன்னால் விழும் குழி எறிந்த வேகத்தில் கால் இறங்கும் இடம். அதில் தண்ணீர் தேங்கி, மேடையின் விளிம்புக்கு அடியில் மண் போய், கடைசியில் விளிம்பே உடையும். மண்ணை அள்ளிப்போட்டு நிரப்பினால் நிற்காது. ஒரு மீட்டர் நீளத்துக்குச் சரளை போட்டு, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இறுக்கி, மேடையின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: மழை பெய்தால் எறிபாதை ஓடையாகிறது

எனக்கு மிகவும் அக்கறையான பகுதி இது. எங்கள் களத்தில் மற்றக் கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் பிறந்தன.

எல்லோரும் எறிமேடையிலிருந்து கூடைக்கு ஒரே கோட்டில் நடக்கிறார்கள். அந்தக் கோட்டில் மண் இறுகுகிறது, புல் சாகிறது, தரை ஒரு விரல் தாழ்கிறது. ஒரு விரல் போதும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பூங்காவின் நீரெல்லாம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கார்த்திகை முடிவதற்குள் ஒரு விரல் ஒரு சாணாகிறது. வேர்கள் வெளியே தெரிகின்றன, கூடையின் கான்கிரீட் பல் இளித்து நிற்கிறது.

காரணத்தைப் பார்க்க மழைக்கு மறுநாள் போவதில் பயனில்லை. மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். நீர் எங்கே நுழைகிறது, எங்கே சேர்கிறது, எங்கே வேகம் எடுக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேகம் எடுக்கும் இடத்துக்கு மேலே, பாதைக்குச் சாய்குறுக்காக, செம்புறாங்கல் துண்டுகளை ஒரு வரிசை பதித்துத் தரைக்கு நான்கு விரல் உயரமாக விடுங்கள். நேர்குறுக்காக வைத்தால் நீர் தேங்கி ஏறித் தாண்டும். சாய்வாக வைத்தால் ஓரத்துக்குத் திரும்பிப் புல்லுக்குள் பரவும். நீண்ட சரிவென்றால் இப்படி நான்கைந்து வரிசைகள் வேண்டும்.

திருப்பிவிடும் நீர் எங்கே போகிறது என்பது இந்த மண்ணில் சாதாரணக் கேள்வி அன்று. மழை குறைந்த, ஆறு இல்லாத ஊர்களைக் கட்டியவர்கள் தெருவில் விழும் மழையும் வீணாகாமல் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வரத்துக்கால்களை வகுத்திருக்கிறார்கள். பூங்காவுக்குள் புதர் மூடிக் கிடக்கும் ஒரு பள்ளம் பழைய வரத்துக்காலாக இருக்கலாம். அதை மூடி எறிமேடை கட்டுவதோ, தடுப்புக் கல்லால் நீரை வேறு பக்கம் திருப்புவதோ களத்துக்காக ஊரின் தண்ணீரை எடுப்பதாகும். தெருவில் வயதானவர்களிடம் கேளுங்கள், எது எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். முடிந்தால் அந்தக் காலைத் தூர்வாரி, எறிபாதையின் நீரை அதில் சேர்த்துவிடுங்கள். எறிபாதையும் காயும், ஊருணியும் நிறையும்.

பிறகு புல். அருகம்புல்லை ஐப்பசி முதல் மழையோடு துண்டுதுண்டாக ஊன்றினால் தானே ஓடும். ஆனால் அதே கோட்டில் கால்கள் நடந்துகொண்டிருந்தால் எந்தப் புல்லும் பிழைக்காது. அதற்கு நாங்கள் கண்ட நல்ல வழி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு உறைக்குழாய்களைப் பதித்துவிட்டு, தை பிறந்ததும் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை கூடையை இடம் மாற்றுவது. காலியாக இருக்கும் குழாய்க்கு மூடி போட மறக்காதீர்கள். ஆட்ட விதிப்படி கூடையைச் சுற்றி 10 மீட்டருக்குள் எறிகிறவர் நிலைத்து நின்று காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அதனால் அந்த வட்டத்தில்தான் காலடி மிகுதி. ஓய்வு கொடுக்க வேண்டியதும் அந்த வட்டத்துக்குத்தான்.

அறிகுறி: மரத்தின் பட்டை உரிகிறது

காயம் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று பாருங்கள். எறிமேடையை நோக்கிய பக்கத்தில், இடுப்புக்கும் தலைக்கும் இடையே, பிறை பிறையாக வெட்டுகள் இருந்தால் அது டிஸ்கின் வேலை. மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் மரம்தான் அதிகம் அடிபடும், ஏனென்றால் டிஸ்க் முழு வேகத்தோடு வருவது அங்கேதான். வேம்பும் புளியும் ஓரளவு தாங்கும். இளம் மரம் தாங்காது. பட்டை சுற்றிவரப் போய்விட்டால் மரம் போய்விடும்.

மரத்துக்கு முன்னால் ஓரடி தள்ளி, மூங்கிலோ பழைய சவுக்குக் கம்போ இரண்டு மூன்று நட்டால் அடியை அவை வாங்கிக்கொள்ளும். தேங்காய் நார்க் கயிறு சுற்றுவதும் உண்டு; ஆனால் தளர்வாகச் சுற்றி, அடிக்கடி அவிழ்த்துப் பார்க்க வேண்டும். நாருக்கு உள்ளே கரையான் ஏறினால் காப்பாற்றப் போய்க் கெடுத்ததாகிவிடும். ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று கிளையை வெட்ட எவர் வந்தாலும் விடாதீர்கள். இந்த வெயிலில் நிழல் தரும் கிளை ஒன்று நூறு எறிதல்களைவிடப் பெரிது. எறிமேடையை இரண்டு மீட்டர் நகர்த்தினால் வேறு வழி திறக்கும்.

அறிகுறி: நடக்க வருகிறவர்கள் வழி மாறிப் போகிறார்கள்

பெரும்பாலும் புகார் வராது. வராததால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடுவோம். எங்கள் பூங்காவில் காலையில் நடக்க வரும் ஆச்சி ஒருவர் சில நாட்களாக எதிர்ப்பக்கம் சுற்றிப் போவதைப் பார்த்துக் கேட்டேன். “அது என் மேல் படவில்லை தம்பி. ஆனால் இந்தப் பக்கம் வந்தால் மேலே பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. கீழே பார்க்காமல் எப்படி நடப்பது?” என்றார். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 200 கிராம் வரை எடையுள்ள, விளிம்பு கூர்மையான ஒன்று தலைக்கு மேல் பறக்கும் இடம் நடைபாதையாக இருக்கக் கூடாது.

அறிவிப்புப் பலகை இதைத் தீர்க்காது, கட்டத்தின் அமைப்புத்தான் தீர்க்கும். வலது கைக்காரர் புறங்கையால் எறியும் டிஸ்க் வேகம் தணியும்போது இடப்பக்கம் சரியும். கைவிடத் தாமதித்தால் வலப்பக்கம் பாயும். அதாவது கூடையை நெருங்கும் இடத்தில் இடப்புறமும், மேடைக்கு அருகில் வலப்புறமும் அபாயம். நடைபாதை, ஊஞ்சல், பெஞ்சு இவற்றில் ஏதாவது அந்த இடங்களில் இருந்தால் கூடையை நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லையென்றால் கட்டத்தைக் குறுக்குங்கள். குறுக்கவும் முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஒன்பதுக்கு எட்டுக் கூடைகள் இருப்பதில் ஒரு குறைவும் இல்லை. காலை ஆறு முதல் எட்டு வரை நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். வழியில் ஆள் இருந்தால் எறியக் கூடாது என்பது எந்த நேரத்துக்கும் பொதுவான விதி.

அறிகுறி: டிஸ்க் தொலைகிறது

நிறத்தைப் பாருங்கள். செம்மண்ணில் சிவப்பும் ஆரஞ்சும் மறைந்துவிடும். பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போது மஞ்சள் மறையும். வெள்ளை, வான்நீலம், ரோஜா நிறம் நன்றாகத் தெரியும். மரத்தில் மாட்டியதற்குத் தொரட்டி இருக்கிறது, கல்லெறிய வேண்டாம்.

ஒரே இடத்தில் தொடர்ந்து தொலைந்தால் அங்கே சீமைக்கருவேலம் ஏறியிருக்கிறது என்று பொருள். வெட்டினால் அடியிலிருந்து நாலாகத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தைத் தூரோடு தோண்டி எடுங்கள். நெற்றுகள் பழுத்து ஆடு தின்பதற்கு முன் முடித்துவிட வேண்டும், விதை சாணத்தோடு ஊர் சுற்றும். புதருக்குள் கையை விடாதீர்கள். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் உள்ள பகுதி இது. முதலில் கம்பால் தட்டுங்கள்.

அறிகுறி: கூடைக்குள் தேநீர்க் குவளையும் பொட்டலத் தாளும்

பக்கத்தில் குப்பைத் தொட்டி இல்லை. வைத்தால் நின்றுவிடும்.

அறிகுறி: ஒரு முறை வந்தவர்கள் மறுபடி வருவதில்லை

புதியவர் ஒருவரோடு, வாய் திறக்காமல், முதல் கூடையிலிருந்து கடைசி வரை நடந்து பாருங்கள். அவர் எங்கே நின்று சுற்றும்முற்றும் பார்க்கிறாரோ அங்கே அடுத்த மேடைக்கு அம்புக்குறி வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், தூரத்தை மீட்டரில் எழுதுங்கள். எங்கே அவர் நான்கைந்து முறை எறிந்தும் கூடையை நெருங்கவில்லையோ, அங்கே கூடையிலிருந்து 30 அல்லது 40 மீட்டரில் இரண்டாவது மேடை ஒன்று வேண்டும். அதற்குச் சிமெண்ட் தேவையில்லை, இறுக்கிய சரளையும் நான்கு மூலைக்கு நான்கு கல்லும் போதும். காவலாளியிடம் பத்து டிஸ்க் கொடுத்து வையுங்கள், பெயரெழுதி வாங்கிப்போய்த் திருப்பித் தரட்டும்.

புது மேடைக்கோ கூடைக்கோ மண்ணில் கடப்பாரை இறங்கும் முன், அந்த இடத்தில் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் நகலைக் காவலாளியின் அறையில் ஒட்டி வையுங்கள். அலுவலர் மாறினாலும் கேள்வி கேட்பவருக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.